கூரைக்கு நான் தேர்ந்தெடுத்த கேபிள்

நாங்கள் நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் இருந்தபோது ஒரு புயல் வந்தது. மூன்று நாள் கரன்ட் இல்லை. முதல் நாள் மாலைக்குள் செல்போனும் வேலை செய்யாமல் போய்விட்டது. நியூயார்க் போயிருந்த என் கணவர் வீடு வந்து சேரவில்லை. ரயில் எங்கே நின்றிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்முக்குப் போனேன். அதைத்தான் அன்றைக்கு எல்லாரும் தங்குவதற்குத் திறந்துவிட்டிருந்தார்கள்.

அங்கே ஒரு மடக்கு மேஜையில் கையடக்க ரேடியோவோடு ஒரு அமெரிக்கப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். என் மகள் அவரைப் பார்த்ததும் ஓடினாள். ஆரம்பப் பள்ளிக்கு அவளை ஏற்றிப்போன ஸ்கூல் பஸ்ஸை ஓட்டியவர் அவர். எங்கள் வீட்டில் அவருக்கு பஸ் ஆன்ட்டி என்றுதான் பெயர். நான் விஷயத்தைச் சொன்னதும் ரேடியோவை எடுத்து யாரிடமோ கேட்டார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு முன்னாலேயே ரயிலை நிறுத்தி, பயணிகளைப் பேருந்தில் அழைத்து வருகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தபோதுதான் காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் நானும் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினேன். முப்பது பேர்கூட இல்லாத ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தேன். பஸ் ஆன்ட்டியும் அதே கிளப்தான். என்னைத் தவிர இன்னொரு தமிழரும் அதில் இருந்தார். கீழக்கரைக்காரர். வளைகுடாவில் பல வருடம் டெலிகாம் டவர் வேலை பார்த்துவிட்டு, இங்கே வந்து செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னை சிஸ்டர் என்பார். நான் திருச்சிக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லை. இங்கே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நூலகத்தின் கூட்ட அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

கிளப்புக்கு ஒரு ரிப்பீட்டர் உண்டு. கையில் பிடிக்கும் சின்ன ரேடியோவின் குரல் இரண்டு மூன்று மைலுக்கு மேல் போகாது. உயரமான இடத்தில் உட்கார்ந்திருக்கும் ரிப்பீட்டர் அந்தச் சின்னக் குரலைக் கேட்டு, அதே நொடியில் பெரிய குரலில் திருப்பிச் சொல்லும். முதியவர்கள் குடியிருக்கும் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் எங்கள் ரிப்பீட்டர் இருந்தது. லிஃப்ட் மெஷின் அறையில் பெட்டி. கூரையின் மறுகோடியில் கம்பத்தின் மேல் ஆன்டெனா. இரண்டையும் இணைப்பது கோஆக்ஸ் கேபிள், நம் வீட்டு கேபிள் டிவிக்கு வருமே, அதற்குக் கொஞ்சம் தடித்த அண்ணன்.

அந்தக் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மாற்றியாக வேண்டும். கோடை முடிவதற்குள் கட்டட நிர்வாகம் கூரைக்குப் புதுப் பூச்சு போடப்போகிறது, அதற்கு முன்னால் வேலையை முடித்துவிடுங்கள், அப்புறம் ஒரு வருடத்துக்கு யாரும் கூரையில் கேபிள் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் கேபிள் வாங்குவது என்று பார்க்க ஒருவர் வேண்டும் என்று தலைவர் கேட்டார். அவர் ரிட்டையர் ஆன வேதியியல் ஆசிரியர், எதையும் அடித்துப் பேசாத மனிதர். நான் கையைத் தூக்கினேன்.

நான் ஒரு மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு ஆவணங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு மாத்திரை எப்படிச் செய்யப்பட்டது, யார் செய்தது, யார் சரிபார்த்தது என்று ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் ஒரு கேபிள் தேர்ந்தெடுப்பது எனக்கு எளிது என்று நினைத்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். எந்தக் கேபிளில் எவ்வளவு சிக்னல் வீணாகிறது என்று அழகாக அட்டவணை போட்டேன். ஒரு பக்கம் ஹார்ட்லைன். வரி வரியாகச் சுருக்கம் விழுந்த செம்புக் குழாயை வெளி உறையாகக் கொண்ட தடித்த கேபிள். நல்ல பொருள், ஆனால் புதிதாக வாங்கினால் எங்கள் கிளப்பின் மொத்தக் கையிருப்பும் போய்விடும். இன்னொரு பக்கம், வீட்டு ஆன்டெனாக்களுக்கு எல்லாரும் போடும் கறுப்புக் கேபிள். உள்ளே அலுமினியத் தாள், அதற்கு மேல் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிகளின் பின்னல். அட்டவணையில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். விலையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, டவர் வேலை பார்த்தவர், என்று தலைவர் சொல்லியிருந்தார். ஒரு மதியம் ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு போன் பண்ணினேன்.

"சிஸ்டர், அந்தக் கறுப்புக் கேபிள் வீட்டுக்கு ஓகே. ரிப்பீட்டருக்கு வேணாம்," என்றார் பாய்.

"ஏன் பாய்? லாஸ் ரொம்பக் கம்மியாத்தானே இருக்கு."

"லாஸ் இல்ல பிரச்சினை. ரிப்பீட்டர் ஒரே ஆன்டெனாவுல ஒரே நேரத்துல பேசவும் செய்யுது, கேக்கவும் செய்யுது இல்லையா? உள்ள அலுமினியமும் செம்பும் ரெண்டு வேற உலோகம். காத்துல கேபிள் ஆடுனா ஒண்ணோட ஒண்ணு உரசும். நாம பேசுற பவர் அதுல பட்டு நாய்ஸ் கிளம்பும். கேக்குற பக்கம் காது அடைச்சுரும். மெல்லிசான சிக்னல்லாம் விழாது."

"எல்லாரும் போடுறாங்களே."

"போடுறாங்க. மொத சில மாசம் நல்லாவும் இருக்கும்." பிறகு சொன்னார். "காசுதான் பிரச்சினைன்னா எங்கிட்ட விடுங்க. டெக்சாஸ்ல என் ஃப்ரெண்டு டவர் கான்ட்ராக்ட் பண்றாப்ல. பழைய சைட்லேர்ந்து கழட்டுன ஹார்ட்லைன் துண்டு துண்டா யார்டுல கெடக்கும். நல்லதா ஒரு நீளம் அனுப்பச் சொல்றேன். லாரிச் செலவு மட்டும் குடுத்தாப் போதும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"கேட்டுத்தான் சொல்லணும். ரெண்டு மூணு வாரம்."

கூரைப் பூச்சுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதை இப்போது எழுதும்போதுதான் விரல்விட்டு எண்ணுகிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. இரண்டு வாரம் உட்கார்ந்து போட்ட அட்டவணையை ஐந்து நிமிட போன் பேச்சில் ஒருவர் தள்ளிவிடுகிறாரே என்றிருந்தது. யாரோ கழற்றிப் போட்ட பழைய கேபிளுக்காகக் காத்திருப்பதா என்றும் இருந்தது. எனக்கு இதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, அதுதான் விஷயம்.

"இல்ல பாய், டைம் இல்ல. இதையே ஆர்டர் பண்ணிடலாம்னு பாக்குறேன்," என்றேன்.

"உங்க இஷ்டம் சிஸ்டர். நானா இருந்தா போடமாட்டேன்."

அன்று மாலை கிளப் கமிட்டிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அட்டவணையை இணைத்தேன். கடைசி வரியில், பாயின் பெயரைப் போட்டு, அவரும் பார்த்துவிட்டார், ஆட்சேபம் இல்லை என்று எழுதினேன். 'உங்க இஷ்டம்' என்றுதானே சொன்னார், அப்படியென்றால் ஆட்சேபம் இல்லை என்றுதானே பொருள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பெனியில் வேறொருவர் இப்படி எழுதியிருந்தால் அவரை அழைத்து விசாரணை வைத்திருப்பேன். பாய் கமிட்டியில் இல்லை. அந்த மின்னஞ்சல் அவருக்குப் போகவில்லை. போகாது என்று எனக்குத் தெரியும்.

தலைவர் என்னைப் பாராட்டிப் பதில் போட்டார். கிளப்பின் கையிருப்பு தப்பியது என்று இரண்டு பேர் நன்றி சொன்னார்கள்.

கேபிள் வந்த சனிக்கிழமை பாய் கருவிப்பெட்டியோடு வந்தார். நான் எடுத்த முடிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு முனையிலும் கனெக்டர் மாட்டியது அவர்தான். தோலை உரித்து, பின்னலை விரித்து, சூடு வைத்து, டேப் சுற்றி, அதற்கு மேல் ரப்பர் சுற்றி, அதற்கு மேலும் டேப் சுற்றினார். வெயில் சுட்டெரித்தது. பஸ் ஆன்ட்டி கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து பரிசோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார். நான் பாயைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இலையுதிர் காலம் முழுக்க நன்றாகத்தான் ஓடியது. குளிர் வந்து காற்று வீசத் தொடங்கியதும் கரகரப்பு ஆரம்பித்தது. பெரிய ரேடியோவும் நல்ல ஆன்டெனாவும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையடக்க ரேடியோவில் பேசுகிறவர்களின் குரல்தான் துண்டு துண்டாக வந்தது. ரிப்பீட்டர் ஒரு நொடி திறக்கும், தன் சத்தத்தில் தானே காது அடைத்துக்கொள்ளும், மூடும், மறுபடி திறக்கும். டக், டக், டக் என்று ஒரு சத்தம். பாய் போனில் சொன்னதை அப்படியே வைத்து வரைந்த படம் மாதிரி இருந்தது. எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால், குளிரில் பேட்டரி இறங்கும், மாற்றிப் பாருங்கள் என்றேன். பஸ் ஆன்ட்டியிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் புது பேட்டரி வாங்கினார்.

தினமும் காலை ஏழரைக்கு ரிப்பீட்டரில் வருகைப்பதிவு மாதிரி ஒன்று நடக்கும். தனியாக இருப்பவர்கள் வந்து குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போவார்கள். பஸ் ஆன்ட்டி கணவர் இறந்து தனியாகத்தான் இருந்தார், ஊருக்கு வெளியே பண்ணை நிலங்களை ஒட்டி ஒரு பழைய வீட்டில். நான் அந்த நேரத்தில் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பேன். காரிலும் ரேடியோ உண்டு.

ஜனவரியில் ஒரு நாள், நல்ல காற்று, ரோட்டில் கண்ணாடி மாதிரி ஐஸ். பதிவு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஆன்ட்டி அன்று வரவில்லை. எட்டு மணி வாக்கில் ரிப்பீட்டர் திறந்தது. டக், டக். ஒரு குரலின் நுனி மாதிரி ஏதோ. மறுபடி டக், டக், டக். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே பிடிக்கவில்லை. கையை நீட்டி வால்யூமைக் குறைத்தேன். குறைத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

அது பஸ் ஆன்ட்டி. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பும்போது கராஜ் வாசலில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. செல்போன் சமையலறையில். கோட்டுப் பையில் ரேடியோ இருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தபால்காரப் பெண் வந்து பார்க்கும்வரை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், சிமென்ட் தரையில் கிடந்தார்.

மறுநாள் தலைவர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று இருந்தது. ரேடியோவில் அழைத்தாராம், யாருக்காவது கேட்டதா என்றும் கேட்டிருந்தார். நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. ரிப்பீட்டருக்கு என்ன கோளாறு? ஒருவர் ஆன்டெனா என்றார். இன்னொருவர் பெட்டிக்குள் இருக்கும் ஃபில்டர் என்றார். மூன்றாமவர், இது கனெக்டராகத்தான் இருக்கும், சரியாகச் சூடு வைக்காவிட்டால் இப்படித்தான் காற்றடித்தால் கரகரக்கும் என்றார். யார் போட்டது? எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். கெட்ட எண்ணத்தோடு பார்க்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். பாய் யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. கேபிளே தப்பு, இவர் அப்போதே சொன்னார். தமிழில்கூட அல்ல, ஆங்கிலத்தில் ஆறேழு வார்த்தை. தலைவர் என் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

"முதலில் கனெக்டரைச் சரிபார்ப்பது நல்லது," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பாய் தனியாகவே கூரைக்குப் போய் இரண்டு கனெக்டரையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அந்தக் குளிரில் கையுறை போட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. காற்று இல்லாத இரண்டு நாள் நன்றாக இருந்தது. பிறகு பழையபடி டக், டக். பாய் அதற்கப்புறம் கூட்டத்துக்கு வரவில்லை. கடையில் வேலை அதிகம் என்று தலைவரிடம் சொன்னாராம்.

தவக்காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வீட்டில் கத்தினது, மாமியாருக்கு போன் பண்ணாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. ஒரு கேபிளைப் பற்றி இந்த அமெரிக்கச் சாமியாரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவரிடம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கார் ரேடியோவைக் குறைத்தது உட்பட.

"நீ வேணும்னு பண்ணல இல்ல?" என்றார் அவர். "கேபிள மாத்திடுங்க, முடிஞ்சுது. எதுக்கு எல்லாத்தையும் கிளறிட்டு."

எதிரில் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஹைஸ்கூல். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "டஸ் பஸ் ஆன்ட்டி நோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த வார இறுதியில் கூரைக்குப் போனேன். கட்டடப் பராமரிப்பு பார்க்கும் டொமினிகன்காரரை மெஷின் அறையில் உட்காரவைத்து, ரிப்பீட்டரின் டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டு, கேட்கும் பக்கத்து ஸ்பீக்கரைத் திறந்துவைத்தேன். மேலே போய் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சோதனைக்கென்று இருக்கும் சின்ன உருளை ஒன்றை மாட்டினேன். இப்போது ஆன்டெனா மேல் பழி போட முடியாது. அவரை செல்போனில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, பாய் போட்ட கனெக்டரை விரலால் தட்டினேன்.

"ஏதாவது கேட்கிறதா?"

"ஒன்றுமில்லை, மேடம்."

ஆட்டினேன். திருகினேன். ஒன்றுமில்லை. பிறகு கூரையின் நடுவில் போய், இரண்டு கனெக்டருக்கும் தூரமாக, வெறும் கேபிளைக் கையில் பிடித்து லேசாக அசைத்தேன்.

"இப்போது கேட்கிறது," என்றார் அவர். "பொரிப்பது மாதிரி."

கேபிளை விட்டேன். நின்றுவிட்டது என்றார். மறுபடி அசைத்தேன். எத்தனை தடவை அசைத்தேன் என்று தெரியாது. கடைசியில் அவரே, மேடம், போதுமா, எனக்குக் கீழே வேலை இருக்கிறது என்றார்.

அங்கிருந்து நேரே பாயின் கடைக்குப் போனேன். ஒரு வாடிக்கையாளருக்குத் திரை மாற்றிக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். சோதனையைச் சொன்னேன். அந்த மின்னஞ்சலில் அவர் பெயரைப் போட்டு எழுதியதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மாறியது.

"நான் பாத்தேன்னு எழுதுனீங்களா?"

"ஆமா பாய்."

கையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை மேஜை விரிப்பின் மேல் வைத்தார். "கேபிள் தப்பாப் போறது சகஜம் சிஸ்டர். நானும் தப்பா போட்டிருக்கேன், கழட்டியிருக்கேன். அன்னிக்கு மீட்டிங்ல அவங்கல்லாம் என் கையப் பாத்தாங்க. இருபது வருஷம் சோறு போட்ட கை. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். அடுத்த மீட்டிங்லயே."

"சொல்லுங்க. ஆனா அது இனிமே உங்களுக்காக. எனக்கு அன்னிக்கு வேண்டியிருந்துச்சு." ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமான குரலில் கேட்டார். "கூரைக்கு எத்தன அடி வரும்?"

அன்றே டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் இருக்கும் தன் நண்பரிடம் பேசினார். யார்டில் கிடந்த ஹார்ட்லைன் ஒரு நீளம், பெரிய மரச்சக்கரத்தில் சுற்றி, அதற்குரிய கனெக்டர்களோடு மூன்றாவது வாரம் வந்து இறங்கியது. வெளி உறையில் அங்கங்கே சிராய்ப்பு. உள்ளே செம்பு புதுசு மாதிரி இருந்தது. நான் வாங்கிய கறுப்புக் கேபிளைவிடக் கிளப்புக்குக் குறைவாகத்தான் செலவானது. கூரையில் புதுப் பூச்சின் மேல் மறுபடி வேலை செய்ய, நிர்வாகத்திடம் பஸ் ஆன்ட்டியின் கதையைச் சொல்லித் தலைவர் சிறப்பு அனுமதி வாங்கினார்.

கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னேன். கேபிளைத் தேர்ந்தெடுத்தது நான், வேண்டாம் என்று சொன்னவர் பாய், அவர் சம்மதித்தார் என்று நான் எழுதியது பொய், கனெக்டரில் ஒரு குறையும் இல்லை. முன்கூட்டி எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தே வாசித்தேன். வாசித்து முடித்ததும் தலைவர், நேர்மைக்கு நன்றி, தவறு யாருக்கும் வரும், காரணம் தெரிந்ததே பெரிய விஷயம் என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள், மே மாதம் கிளப் நடத்தும் காலை உணவுக்கு யார் முட்டை வாங்குவது என்று. பாய் அன்றைக்கும் வரவில்லை. என்னை யாராவது திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பஸ் ஆன்ட்டியைப் பார்க்கப் போனது அதற்கடுத்த ஞாயிறு. மறுவாழ்வு மையத்தில் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். முன்னாலும் இரண்டு தடவை பூவோடும் எலுமிச்சை சாதத்தோடும் போய்விட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்திருக்கிறேன். இந்தத் தடவை வெறுங்கையோடு போனேன். கேபிள் விஷயத்தை மெதுவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு காரில் நடந்ததைச் சொன்னேன்.

"நீ கேட்டாயா?" என்றார்.

"சத்தம் கேட்டது. நீங்கள் என்று தெரியாது."

"எத்தனை தடவை?"

"இரண்டு. அதற்கப்புறம் வால்யூமைக் குறைத்துவிட்டேன்."

ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் பத்துப் பன்னிரண்டு தடவை கூப்பிட்டிருப்பேன்," என்றார். "அப்புறம், யாரும் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். தரை ரொம்பக் குளிராக இருந்தது."

மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். புயல் நாளில் ஜிம்மில் என் மகளைத் தட்டிக்கொடுத்ததுபோல இல்லை. சொன்னதற்கு நன்றி என்றார். அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அடுத்த வாரம் என் தங்கை வருகிறாள், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். வீட்டை விற்றுவிட்டு பென்சில்வேனியாவில் அந்தத் தங்கையோடு போய்ச் சேர்ந்துகொண்டார். ரேடியோவைக் கிளப்புக்கே கொடுத்துவிட்டாராம். எனக்கு மகள்தான் சொன்னாள். அவளுக்கு ஆன்ட்டி கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பியிருந்தார்.

ஹார்ட்லைன் போட்ட நாளில் பாய் வந்தார். தலைவர் நேரில் போய்க் கூப்பிட்டதால் வந்தார். காலை முழுக்கக் கூரையில் வேலை செய்தோம். 'அந்த முனையப் பிடிங்க சிஸ்டர்', 'இன்னும் கொஞ்சம் வளைக்காம விடுங்க' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அன்று நல்ல காற்று. யாரோ கீழே கையடக்க ரேடியோவை மிகக் குறைந்த பவரில் வைத்துப் பேசினார்கள். ஒரு எழுத்து விடாமல் வந்தது. எல்லாரும் பாயிடம் போய்க் கைகொடுத்தார்கள். நான் கருவிகளைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் அவர் கடையை மூடிவிட்டு இர்விங்குக்கே போய்விட்டார், அந்த நண்பரின் கான்ட்ராக்ட் வேலையில் பங்குதாரராக. போவதற்கு முன்னால் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சாப்பாடு வைத்தார். எங்களையும் அழைத்திருந்தார். என் கணவர் தட்டில் அவரே பிரியாணி பரிமாறினார். கிளம்பும்போது என் கணவரிடம், "டெக்சாஸ் வந்தா கண்டிப்பா வீட்டுக்கு வாங்க பிரதர்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும்தான் சிஸ்டர்," என்றார்.

போன வசந்தத்தில் ஆபீஸ் வேலையாக டல்லாஸ் போனேன். இர்விங்கிலேயே, லாஸ் கொலினாஸ் பகுதியில் ஹோட்டல். மேப்பில் அவர் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்தேன், பதினோரு நிமிடம் காட்டியது. மூன்று நாள் இருந்தேன். ஒரு மாலை காரை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தேன். வழியில் ஒரு கடையில் ஸ்வீட் வாங்கினேன். வண்டியில் உட்கார்ந்து அவர் எண்ணைத் தேடி எடுத்தேன். என்னைப் பார்த்ததும் அவர் நன்றாகத்தான் பேசுவார், உள்ளே வாங்க என்பார், அவர் மனைவி டீ போடுவார், கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த நல்ல பேச்சை உட்கார்ந்து வாங்கிக்கொள்ள என்னால் முடியும் என்று தோன்றவில்லை. ஸ்வீட் டப்பாவை ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு அறைக்குப் போனேன். மறுநாள் காலை ஃப்ளைட் பிடித்தேன்.